‘மதகடிப்பட்டில் சாப்பிட என்ன இருக்கிறது?’ என்று கேட்போருக்கு



சில வாரங்களுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் காரை நிறுத்திச் சலாம் சொன்னார். உள்ளே அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். இந்நேரத்தில் எங்கே என்று விசாரித்தோம். “டவுனுக்கு ஹஜ்ரத். பிள்ளைங்க மந்தி கேக்குதுங்க. நம்ம மதகடிப்பட்டுல சாப்பிட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க” என்றார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. புதுச்சேரி நகரம் இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். போக, காத்திருக்க, உண்ண, திரும்ப என்று கணக்கிட்டால் நள்ளிரவு ஆகிவிடும். மறுநாள் ஃபஜ்ரில் அவரைக் காணவில்லை. அதைப் பற்றிப் பேச நாம் இங்கே வரவில்லை.

அவர் கேட்ட கேள்வியைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். ஏனெனில் அது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. நம் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது இதே புலம்பல் எழுகிறது. திருபுவனையில் வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் கேட்கின்றன. வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்து பெண் எடுத்துக் கட்டிக் கொண்டுவந்த வீடுகளில் மருமகள்கள் கேட்கிறார்கள். “இது ஊரா, வெறும் ரோடு” என்று ஒருவர் எழுதினார். நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பதில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நாம் சொல்லிப் பார்க்கிறோம். சிலருக்குக் கசக்கும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை. மண்ணாடிப்பட்டு கொம்யூனின் இந்தப் பகுதி, புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நான்கு வழிச்சாலையின் இருபுறமும் அவசர அவசரமாக வளர்ந்த பகுதி. பொறியியல் கல்லூரி வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது, திருபுவனையில் தொழிற்சாலைகள் வந்தன. வீட்டுமனைகள் வந்தன. மனிதர்கள் வந்தபிறகு அவர்கள் வயிற்றுக்கும் ஏதோ வரவேண்டும் அல்லவா? வந்தது என்ன? புதுவை எல்லைக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது மதுக்கடை. அடுத்துப் படுவது சாராயக்கடை. அவற்றையொட்டி வறுவலும் பொரியலும் விற்கும் கடைகள். ‘குடும்ப உணவகம்’ என்று பலகை இருக்கும். உள்ளே சென்றால் இடது கைப் பக்கம் குளிரூட்டப்பட்ட மதுக்கூடம். தமிழ்நாட்டிலிருந்து மலிவு விலைக் குடிக்காகவே எல்லை தாண்டி வருகிறவர்களை நம்பி நடக்கும் வணிகம் அது. மது பரிமாறப்படும் பந்தியில் அமரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கும்போது, ஒரு முஸ்லிம் தகப்பன் தன் வயதுவந்த மகளை அழைத்துக்கொண்டு அங்கே எப்படி உட்காருவான்? முஸ்லிம் என்ன, நம் பக்கத்து வீட்டு வன்னியர் குடும்பமும் முதலியார் குடும்பமும் அங்கே பெண்பிள்ளைகளை அழைத்துச் செல்வதில்லை. அவர்களுக்கும் இதே குறைதான். நாம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணிக்கொண்டிருக்கும் குறை அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடந்த ரமளானில், மருத்துவக் கல்லூரியில் படிக்கும் கேரளத்து மாணவர் இருவர் தராவீஹ் முடிந்தபின் நம்மிடம் வந்தார்கள். “உஸ்தாதே, ஸஹருக்கு எங்கே போவது?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். விடுதிச் சமையல் அதிகாலை மூன்றரை மணிக்குத் திறக்காது. முதல் பத்து நாளும் பன்னும் வாழைப்பழமும் தண்ணீருமாக நோன்பு பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு வார்டில் நின்றபடியே தலைசுற்றி இருக்கிறது. சுற்றிலும் இத்தனை முஸ்லிம் வீடுகளில் ஸஹருக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இரண்டு பிள்ளைகள் பன் தின்று நோன்பு வைத்தார்கள். அன்று நமக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆகவே ‘சாப்பிட என்ன இருக்கிறது’ என்ற கேள்வியை நாம் நாக்கு ருசிக்காரர்களின் கேள்வி என்று தள்ளிவிடவில்லை.

ஆனால் இந்தக் குறைக்கு நாம் கண்டுபிடித்திருக்கும் விடை என்ன? கார். மந்தி. ‘நூறு சதவீதம் ஹலால்’ என்ற பச்சைப் பலகை. இந்த விடையோடுதான் நமக்குச் சண்டை.

மந்தியைக் குறை சொல்லவில்லை. அது யமன் நாட்டு ஹள்ரமவ்த் பகுதியின் உணவு. குழியில் தணலிட்டு, மேலே இறைச்சியைத் தொங்கவிட்டு, அதன் சாறு கீழே உள்ள சோற்றில் சொட்டும்படி சமைப்பார்கள். வளைகுடா வழியாகக் கேரளத்துக்கும், அங்கிருந்து நம் பக்கமும் வந்து சேர்ந்தது. நல்ல உணவு, விருந்தாளி வந்தால் செய்வதற்குரிய உணவு. அதைச் சாதாரணப் புதன்கிழமை இரவில், பிள்ளைகள் அடம்பிடித்தார்கள் என்பதற்காக, பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்துவரும் உணவாக ஆக்கிக்கொண்டது நாம்தான். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை (7:31) நம் மக்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார்களே அந்தத் தாம்பாளத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள்.

இதில் நம்மைச் சிரிக்க வைப்பது வேறொன்று. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து உண்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதா? காரைக்காலிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஸஹன் சாப்பாடு என்றால் என்ன என்று அறியாத வீடு இல்லை. ஒரு ஸஹனில் பணக்காரனும் கூலிக்காரனும் ஒன்றாகக் கைவைத்தார்கள். அந்த ஸஹனைப் ‘பட்டிக்காட்டு வழக்கம்’, ‘சுகாதாரம் இல்லை’ என்று சொல்லி, கல்யாண வீடுகளில் ஒழித்துக்கட்டி, மேசை போட்டு இலை போட்டு, பிறகு தட்டு போட்டு, பிறகு நின்றுகொண்டே தின்னும் பஃபேக்கு வந்து சேர்ந்த அதே தலைமுறை, இன்று டவுனில் ஆயிரக்கணக்கில் கொடுத்து, தரையில் மெத்தை போட்ட அறையில் அமர்ந்து, ஒரே தாம்பாளத்தில் உண்டுவிட்டு, “சுன்னத்தான முறை ஹஜ்ரத்” என்று நமக்கே சொல்லித் தருகிறது! சுன்னத்தை விலைக்கு வாங்கத்தான் இருபது கிலோமீட்டர் போகவேண்டியிருக்கிறது போலும்.

சரி, ஹலால் பலகைக்கு வருவோம். அல்லாஹு தஆலா மனிதர்களை நோக்கிப் பேசும் இடத்தில் (2:168), பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணும்படி கூறுகிறான். இரண்டு சொற்கள். ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது. முதல் சொல்லை நாம் பலகையில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது சொல்லை எழுத எந்தக் கடையும் முன்வரவில்லை, எழுதும்படி எந்த ஜமாஅத்தும் கேட்கவில்லை. அறுத்தவர் முஸ்லிமா, பிஸ்மில்லாஹ் சொன்னாரா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அறுத்தது எப்போது, எத்தனை நாள் குளிர்ப்பெட்டியில் கிடந்தது, எந்த எண்ணெயில் பொரிந்தது, அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

சிவப்பைப் பற்றிச் சொல்வோம். 2024 பிப்ரவரியில் நம் புதுச்சேரியில்தான் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி அதில் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சில நாட்களில் தமிழ்நாடும் தடை செய்தது. அதே ஆண்டு கர்நாடகம் கோபி மஞ்சூரியனிலும், பிறகு கோழிக் கபாபிலும் மீன் உணவிலும் செயற்கை நிறமியைத் தடுத்தது. பிரியாணியிலும் பொரித்த கோழியிலும் செயற்கை நிறம் சேர்க்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமே இல்லை. அப்படியிருக்க, கையில் ஒட்டினால் சோப்புப் போட்டும் போகாத சிவப்பில் நம் ‘ஹலால்’ கோழி தொங்குகிறதே, அதைப் பார்த்தபடி நாம் எப்படி பிஸ்மி சொல்லி வாயில் வைக்கிறோம்?

எண்ணெயும் அப்படித்தான். ஒருமுறை கொதித்த எண்ணெயை எத்தனை முறை மீண்டும் சூடேற்றலாம் என்பதற்கு அளவு இருக்கிறது. அதில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் உணவுக்கு உதவாது என்று 2018 ஜூலை முதல் விதி நடைமுறையில் உள்ளது. ஷவர்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஒரு மாணவியும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஷவர்மா உண்டபின் இறந்துபோனார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்ய நேர்ந்தது. அரசு அதிகாரிகள் வந்து தடுக்கும்வரை நாம் காத்திருந்தோம். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் காத்திருக்கவில்லை. மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று கண்டித்ததை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். தானியம் ஹலால்தான். அதை விற்றவரும் முஸ்லிம்தான். அதனால் அவர் கண்டிப்பிலிருந்து தப்பவில்லை.

சமையலறைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவர்கள். பலர் நம் மார்க்கத்தவர். காலை பத்து முதல் நள்ளிரவு கடந்தும் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில்தான் பிரியாணிக் கூட்டம் அதிகம் என்பதால் முதலாளி முதல் ஸஃப்பில் நிற்பார். பரோட்டா மாஸ்டர் கல்லின் முன் நிற்பார். அவர்களில் ஒருவர் நம்மிடம் அரைகுறைத் தமிழில் சொன்னது இது: மூன்று மாதச் சம்பளம் முதலாளியிடம் இருக்கிறது, கேட்டால் ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள் என்கிறார். வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்தக் கூலிப் பாக்கி கலந்த சோற்றுக்கு எந்த நிறுவனம் ஹலால் சான்று வழங்கும்?

இப்படி எழுதினால் சிலர் கோபிப்பார்கள் என்று தெரியும். “வெளியே ஹலால் என்ற சொல்லையே ஒழிக்கப் பார்க்கிறார்கள், நீங்கள் உள்ளிருந்து குறை சொல்கிறீர்களே” என்பார்கள். உண்மைதான். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற பொருட்களை உற்பத்தி செய்யவும் விற்கவும் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. இலங்கையில் 2013-ஆம் ஆண்டு பொதுபல சேனாவின் கிளர்ச்சிக்குப் பின், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தைப் பொருட்களிலிருந்து ஹலால் இலச்சினையை விலக்கிக்கொள்ள இணங்க வேண்டி வந்தது. நம் ஆம்பூரிலேயே 2022-இல் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். கடைசியில் விழாவே தள்ளிப்போனது. இவையெல்லாம் அநீதி என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த அநீதியைக் காட்டி, பழைய இறைச்சிக்கும் சாயத்துக்கும் நாம் போர்வை போர்த்தலாமா? வெளியே உள்ளவன் அந்தச் சொல்லைத் தாக்கும்போது அதன் பொருளை நாம் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். நாமோ சொல்லைப் பலகையில் ஆணியடித்துவிட்டுப் பொருளைக் கழுவி ஊற்றிவிட்டோம்.

அடுத்த விஷயம் இதைவிடக் கசப்பானது. நம் ஊர்ச் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தையை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. விடியுமுன்பே வண்டிகள் வந்துவிடும். துண்டுக்குள் கைபோட்டு விரல்பிடித்து விலை பேசும் தரகர்களில் நம்மவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்துக்காகவே அதிகாலையில் இட்லியும் தோசையும் வடையும் சுட்டுவிற்கும் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன. சுடச்சுட இறக்கிய இட்லி, அன்றே அரைத்த சட்னி. விலை மலிவு. நாம் அங்கே பலமுறை உண்டிருக்கிறோம். ஒரு நாள் அப்படி உண்டுகொண்டிருந்தபோது நம் ஜமாஅத் இளைஞர் ஒருவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஹஜ்ரத், இது காஃபிர் கடை இல்லையா? நீங்களே சாப்பிட்டா நாங்க என்ன செய்றது?” என்றார்.

நாம் அந்தத் தம்பியிடம் ஒன்றைக் கேட்டோம். 2024 ஜூலையில் வட மாநிலத்தில் காவடி யாத்திரைப் பாதையில் உள்ள உணவுக்கடைகள் எல்லாம் உரிமையாளரின் பெயரை எழுதித் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்களே, ஏன் போட்டார்கள்? கடைக்காரன் முஸ்லிமா என்று தெரிந்துகொண்டு ஒதுங்குவதற்காக. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது, என்ன உணவு என்று எழுதினால் போதும், யார் பெயரும் வேண்டாம் என்று சொன்னபோது, நம் குழுவில் அல்ஹம்துலில்லாஹ் என்று முதலில் எழுதியது அந்தத் தம்பிதான். இப்போது அவரே ஆயா சுட்ட இட்லியின் உரிமையாளர் பெயரைக் கேட்கிறார். இதே தமிழ்நாட்டில், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்ற 1957-இல் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றார்கள். சமைத்தவன் யார் என்று கேட்டு உண்ணும் அந்த வழக்கத்தின் கீழ் மிதிபட்டவர்களின் பிள்ளைகள்தாம் நம்மில் பலர். பாட்டன் எதிலிருந்து விடுபட்டு கலிமா சொன்னானோ அதைப் பேரன் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பக் கொண்டுவருகிறான்.

மார்க்கச் சட்டம் இதில் குழப்பம் வைக்கவில்லை. இறைச்சிக்கு அறுப்பு முறை நிபந்தனை. அதில் நாம் தளர்வு சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். அரிசிக்கும் உளுந்துக்கும் பருப்புக்கும் காய்க்கும் அறுப்பு ஏது? அசுத்தம் கலந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை அவை ஆகுமானவையே. பெருமானார் (ஸல்) அவர்களும் தோழர்களும் பயணத்தில் ஓர் இணைவைக்கும் பெண்ணின் தோல்பையில் இருந்த நீரை எடுத்துப் பயன்படுத்தியது புகாரியில் இருக்கிறது. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அவற்றில் உண்ணும்படி பதில் கிடைத்தது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனச் சிலர் ஐயப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயரைக் கூறி உண்ணுங்கள் என்றார்கள். நம் இளைஞர்களின் இந்த ஐயத்துக்குப் பேணுதல் என்று பெயர் வைக்க வேண்டாம். நம் உஸ்தாதுமார்கள் இதற்கு வஸ்வாஸ் என்று பெயர் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது இட்லி விற்ற ஆயா, “சாமி, இன்னொரு ஈடு எறக்கட்டுமா?” என்று கேட்டார். தம்பிக்கும் இரண்டு வைக்கச் சொன்னோம். உண்டார், ஆனால் நின்றுகொண்டே உண்டார். உட்கார்ந்து உண்ணும் சுன்னத்தை அடுத்தமுறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இனி நம் வீட்டுக் கதை. மேலே சொன்னவற்றில் எல்லாரையும் குறை கூறிவிட்டு, நம்மை விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது.

நம் தெருவில் எல்லாரும் நன்னி என்று அழைக்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவர் இறந்து பல ஆண்டுகள். வெள்ளிக்கிழமைக் காலைகளில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், சொல்லிவைத்தால் ஆட்டுக்கால் பாயாவும் செய்து கொடுப்பார். நன்னியின் இடியாப்பம் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறோம். மாவைத் தாமே ஈரமாக இடித்துச் சலித்து வறுப்பார், கடை மாவு வாங்கமாட்டார். பாயாவில் நிறம் என்று எதுவும் இருக்காது. மிளகும் கசகசாவும் தேங்காயும் கொடுக்கும் வெள்ளை மங்கல் நிறம். கால்களை முதல்நாள் இரவே சுட்டு, மஞ்சள் தேய்த்துக் கழுவி, விறகடுப்பில் ஏற்றிவிட்டுத் தஹஜ்ஜத்துக்கு எழும்போது கிளறுவார். ஹலால், தய்யிப் என்ற இரண்டு சொற்களும் அந்தச் சட்டியில் ஒன்றாக இருந்தன. பலகை எதுவும் இருக்கவில்லை.

அந்த நன்னி சென்ற ஆண்டு அடுப்பை நிறுத்திவிட்டார். முதுமை காரணம் என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். காரணம் அது அன்று. மந்திக்கு ஆயிரம் ரூபாயை மேசையில் வைத்து, மீதியையும் கேட்காமல் வருகிற நாம், நன்னியிடம் “அடுத்த வெள்ளிக்கிழமை சேர்த்துத் தரேன்” என்போம். பத்து இடியாப்பத்துக்கு ஒன்று கொசுறு கேட்போம். “வீட்டில் சும்மா இருப்பவர்தானே” என்று விலை பேசுவோம். இதில் முதல் குற்றவாளி நாம். நம் மதரஸா ஆண்டு விழாவில் அறுபது பிள்ளைகளுக்குக் காலை உணவு நன்னிதான் செய்தார். அதற்குரிய 3,200 ரூபாயை, கமிட்டியில் கையெழுத்து ஆகவில்லை, பொருளாளர் ஊரில் இல்லை என்று சொல்லி இரண்டரை மாதம் இழுத்தடித்தோம். அந்த இரண்டரை மாதத்தில் அவர் அரிசிக் கடையிலும் தேங்காய்க்காரரிடமும் கடன்பட்டு நின்றிருக்கிறார். அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்குக் கேடு என்ற அத்தியாயத்தை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். மற்றவரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது குறைப்பவர்கள் யார் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால் நாம் எங்கே பார்த்திருப்போம்?

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரியில் உண்டு. மதீனாவில் ஒரு மூதாட்டி, ஒரு கீரைச்செடியின் கிழங்குகளைப் பிடுங்கிச் சட்டியில் இட்டு, வாற்கோதுமையும் சேர்த்துச் சமைப்பார். தோழர்கள் ஜும்ஆ தொழுதுவிட்டு அவரிடம் போய் உண்பார்கள். அதில் கொழுப்பு எதுவும் இருக்காது. ஆயினும் அதற்காகவே அவர்கள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்து மகிழ்ந்தார்கள். அந்த மூதாட்டி விற்கவில்லை, விருந்தளித்தார். நம் நன்னி ஏழை, விற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த ஊரின் வெள்ளிக்கிழமையை ஒரு கிழவியின் சட்டி இனிமையாக்கியது. இந்த ஊரின் வெள்ளிக்கிழமைக்கும் அப்படி ஒரு சட்டி இருந்தது. அதை அணைத்துவிட்டு, ‘மதகடிப்பட்டில் சாப்பிட என்ன இருக்கிறது’ என்று கேட்கிறோம்.

பெண்கள் சமைத்து விற்பது கண்ணியமா என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் வேலை செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள்; முஃமின்களின் அன்னைக்குக் குறையாத கண்ணியம் நம் தெருப் பெண்களுக்குக் குறைந்துவிடாது. மதரஸாவுக்கு ஏன் இந்தச் சோற்றுக்கடை வேலை என்றும் ஒருவர் கேட்டார். நாம் கடை வைக்கவில்லை. நம் தெருக்களில் நன்னியைப் போல, நன்னியின் மருமகளைப் போல, கைப்பக்குவம் உள்ள பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லிவைத்து, சொன்ன விலையை, வாங்கும் அன்றே கொடுப்பது மட்டும்தான் நாம் கேட்பது. சிறு உணவு வணிகருக்கான அரசுப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். அந்த விண்ணப்பத்தை நம் ஜமாஅத்தின் படித்த இளைஞர்கள் கைப்பேசியிலேயே நிரப்பித் தரலாம், டவுன் மந்திக் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் நேரத்தில். பள்ளிவாசல் கிடங்கில் கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் போக மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கும் தேக்சாக்களை வாடகையின்றி இந்தப் பெண்களுக்குக் கொடுக்கலாம். வரும் ரமளானில் அந்த மருத்துவ மாணவர்கள் ஒருவரும் பன் தின்று நோன்பு பிடிக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்று பொறுப்பேற்க நாம் இப்போதே பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம். ஏழு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. குழம்பில் சற்றுத் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது போதும், அதற்கு மேல் செலவு கேட்கவில்லை.

மதுக்கூடம் இல்லாத, சாயம் போடாத, வேலைக்காரருக்குச் சம்பளம் பாக்கி வைக்காத ஒரு கடையை நம் சாலையில் எவர் திறந்தாலும், அவர் எந்தச் சமுதாயத்தவராயினும், நாம் குடும்பத்தோடு போய் உண்போம். அது சைவக் கடையானால் கூடுதல் நிம்மதியோடு உண்போம். நம்மவர் ஒருவர் இந்த மூன்றையும் மீறிக் கடை நடத்தினால், பலகையில் எத்தனை முறை ஹலால் என்று எழுதினாலும் நம் மதரஸா நிகழ்ச்சிக்கு அங்கிருந்து ஒரு பொட்டலமும் வராது. இதைக் கமிட்டியில் சொல்லிவிட்டோம். இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

சென்ற வாரம் நன்னியின் பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தாமதத்துக்காகக் கூடுதலாக எதையும் வாங்கிக்கொள்ள மறுத்தார். எண்ணிப் பார்த்துவிட்டு, இருபது ரூபாய் அதிகமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். இடியாப்பம் இனித் தம்மால் பிழிய முடியாது, கை வலிக்கிறது, மருமகள் பிழிவாள், தாம் பாயாவை மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வரும் வெள்ளிக்கிழமை முதல் தொடங்குகிறார்கள். வேண்டுவோர் வியாழன் அஸருக்குள் நேரில் சொல்ல வேண்டும். பாத்திரத்தை நீங்களே கொண்டுவர வேண்டும். கடன் இல்லை, கொசுறு இல்லை.